காட்டிட்டு வாங்க

என்ன ஆய்வு செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு முதலில் எரிச்சல் வருகிறது, அதன் பின்னால் குழப்பம் வருகிறது. முன்பு இரண்டும் வராது. சந்தைப்படுத்தல் பேராசிரியை, வாடிக்கையாளர் மனம்தான் என் துறை என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்கப் போய்விடுவேன்.

எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு அந்தப் பதில் ஒருநாளும் போதாது. கல்யாண வீடுகளில் என்னைப் பிடித்து உட்கார வைத்து, ஏதோ கம்பனி வேனில் சோப்பு விற்கப் போகிற ஆள் என்ற நினைப்பில், சாம்பிள் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டவர்கள் உண்டு. இல்லை, நான் படிப்பிக்கிறேன் என்றால், விற்பதையா படிப்பிக்கிறாய் என்று சிரிப்பார்கள். எங்கள் வாப்பாவும் அப்படித்தான் சிரித்தார். கம்பளையில் புடவைக்கடை வைத்திருந்த மனிதர் அவர். நான் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தைத் தெரிவு செய்தேன் என்றதும், யாவாரம் வீட்டிலேயே கிடக்கிறது, அதைப் படிக்க ஏன் பஸ் ஏற வேண்டும் என்று கேட்டார். கேட்டாரே தவிர மறிக்கவில்லை. கடை நாநாவுக்கு, படிப்பு எனக்கு என்று அவர் மனதுக்குள் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தார் போல.

நாநா என் ஒரே சகோதரன், என்னைவிட மூத்தவர். வாப்பா மவுத்தான பிறகு கடை அவர் கையில்தான் இருக்கிறது. நான் கெலிஓயாவில் வீடு கட்டிக்கொண்டு, கண்டிப் பக்கம் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் நான் செய்யாத ஆய்வு இல்லை. கலஹாப் பக்கத்துத் தோட்டங்களில் சிறிய ஷாம்பு பக்கெட்டுகளை யார் வாங்குகிறார்கள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கினேன். கண்டி நகரத்தில் பெரிய கடைகளின் விளம்பரப் பலகைகளை எந்த மொழியில் மக்கள் வாசிக்கிறார்கள் என்று வெயிலில் நின்று பார்த்தேன். எல்லாம் வந்த மாதிரியே போயின. வெளிநாட்டுச் சஞ்சிகைகளுக்கு அனுப்பினால், இது எங்களுக்குத் தெரிந்ததுதானே என்ற தொனியில் திரும்பி வரும். மண்டை காய்ந்துபோய் இருந்த அந்தக் காலத்தில்தான், மூக்கின் கீழேயே கிடந்த ஒன்று கண்ணில் பட்டது.

எங்கள் கடையில் பார்சல் கொடுக்கிற வழக்கம் ஒன்று உண்டு. ஒரு வீட்டில் கல்யாணம் வந்தால் அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் கடைக்கு வர முடியாது. கைப்பிள்ளைக்காரி இருப்பாள், படுக்கையில் கிடக்கிற உம்மா இருப்பார், புருஷன் மவுத்தாகி வெளியே இறங்காமல் இத்தாவில் இருக்கிற மாமி இருப்பார். ஆகவே வீட்டிலிருந்து வருகிற ஒருவரிடம் நாநா நல்ல நல்ல சாரிகளாகப் பார்த்துப் பழைய பெட்சீற் ஒன்றில் கட்டிக் கொடுத்து, "காட்டிட்டு வாங்க" என்பார். பில் கிடையாது, முற்பணம் கிடையாது, எழுதி வைப்பதும் கிடையாது. பிடித்ததை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். நாவலப்பிட்டி, கலஹா என்று தூரத்து வீடுகளுக்குப் பஸ் கண்டக்டரிடமே பார்சலைக் கொடுத்துவிடுவார். முஸ்லிம் வீடு, தமிழ் வீடு, சிங்கள வீடு என்ற பேதமெல்லாம் இல்லை. தெரிந்த வீடாக இருந்தால் போதும்.

இதில் என்ன ஆய்வு என்று நாநாவே கேட்டார். நான் விடவில்லை. அப்படிப் பார்சல் போன வீடுகளைத் தேடிப் போனேன். எல்லா வீட்டிலும் பிளேன்டீயும் பிஸ்கட்டும். எல்லா வீட்டிலும் பெண்கள் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொன்னார்கள். கலஹாவில் தோட்டத்து உத்தியோகத்தர் வீட்டு அம்மா ஒருவர் சொன்னது என் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே ஏறியது. "அவ்வளவு நம்பிக் குடுத்து விட்டிருக்காரு. ஒண்ணும் எடுக்காம எப்படிங்க திருப்பி அனுப்புறது? வெக்கமா இருக்காது?" என்றார் அவர்.

அந்த வெட்கத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஏறினேன். கடனும் இல்லை, கட்டாயமும் இல்லை, ஆனால் பொருள் வீட்டுக்குள் வந்த நிமிடமே வாங்கியாக வேண்டும் என்ற உணர்வு வந்துவிடுகிறது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். வெளிநாட்டுக்காரர்கள் ஆவென்று பார்த்தார்கள். ஒரு கட்டுரை, அதற்குப் பின்னால் இன்னொன்று, மாநாடுகள், அழைப்புகள். பேராசிரியர் பதவிக்கான நேர்முகத் தேர்வில் என் பங்களிப்பு என்னவென்று கேட்டபோது, தடுமாறாமல் இதைத்தான் சொன்னேன். பதவி கிடைத்தது. எங்கள் வாப்பாவின் கடைப் பெட்சீற்தான் என்னை அந்தக் கதிரையில் உட்கார வைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

இதுவரைக்கும் எனக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கம்பளைக் கடைக்காரர்கள் சேர்ந்து எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறோம் என்று கூப்பிட்டார்களே, அங்கேதான் பிடித்தது சனியன்.

பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் கூட்டம். கடைக்காரர்கள், அவர்களுடைய வீட்டார், ஊரில் தெரிந்த முகங்கள், நாநாவின் வாடிக்கையாளர்கள் பலர். நாநா முன் வரிசையில் வெள்ளை நீளக்கைச் சட்டையும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். பொன்னாடையைத் தன் கடையிலிருந்து அவரே எடுத்துக் கொடுத்திருந்தார். என் ஆய்வைப் பற்றித் தமிழில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பத்து வருடத்துக்கு மேலாக ஆங்கிலத்தில் சொன்னதை ஊர்த் தமிழில் சொல்வதென்றால் எனக்கும் ஒரு குஷி வந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே.

பார்சல் வீட்டு வாசலைத் தாண்டியதுமே பாதி யாவாரம் முடிந்துவிட்டது என்றேன். வெறும் கையோடு திருப்பி அனுப்ப மனிதனுக்கு வெட்கம். சாரி தன்னை விற்பதில்லை, கடைக்காரர் விற்பதில்லை, அந்த வெட்கம்தான் விற்கிறது என்றேன். மண்டபம் சிரித்தது, கை தட்டியது. கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். முன் வரிசைக்குப் பின்னால் இருந்த ஒரு டீச்சர், தன் மூன்று மகள்மாருக்கும் நாநாவிடமே பார்சல் எடுத்தவர், நாநாவின் முதுகைப் பார்த்தார். நாநா கை தட்டவில்லை. மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து என்னைக் கெலிஓயாவில் இறக்கிவிட வந்தபோது அவர், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். நன்றாகப் பேசினாய் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று எனக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது.

அதன் பிறகு கொஞ்ச நாளில் மதினி, அதாவது நாநாவின் மனைவி, போன் எடுத்தார். நாநா பார்சல் கொடுப்பதை நிறுத்திவிட்டாராம். கேட்டு வருகிறவர்களிடம், கடைக்கு வந்து பார்த்து எடுங்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாராம். நாவலப்பிட்டியிலிருந்து காலங்காலமாக வருகிற ஒரு குடும்பம் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். யாவாரம் படுத்துவிட்டதா என்று கேட்டேன். அது வேறு கதை, யாவாரம் எழும்பும் விழும் என்றார் மதினி.

"சாப்புடுற நேரம் திடீரெண்டு ஒரு வீட்டுப் பேரச் சொல்லுறார், புள்ள. அந்த வீட்டு ஆக்கள் எடுத்தது புடிச்சுத்தானா, வெக்கத்துக்கா எண்டு ஏண்டகிட்ட கேக்குறார். நான் என்னத்தச் சொல்ல? வாழ்க்க முழுக்க வித்த சாரி எல்லாத்தயும் ஒண்டொண்டா திருப்பி எடுத்துப் பாக்குறார் இந்த மனிசன்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உலகத்திலே எத்தனையோ பேரைப் பற்றி எத்தனையோ பேர் ஆய்வு செய்கிறார்கள். ஆராயப்பட்டவர் சோற்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்து யோசிப்பார் என்று எந்தப் பாடத்திலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அடுத்த ஞாயிறு கம்பளைக்குப் போனேன். கடையில் ஆளில்லை. நாநா கல்லாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுத் தெருவைப் பார்த்தபடி இருந்தார். நான் பேசத் தொடங்கினேன். மனித மனம் சிக்கலானது, ஒருவர் அன்பாகச் செய்வதற்கும் ஒரு விளைவு உண்டு, விளைவைச் சொன்னால் நோக்கத்தைச் சொன்னதாக ஆகாது என்றெல்லாம், முதலாம் வருட மாணவர்களுக்குச் சொல்வது போல. அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ படிச்சவ. சுத்தி வளைக்காமச் சொல்லு. நான் இவ்வளவு காலமும் ஆக்கள ஏமாத்தினேனா? ஓவா, இல்லயா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லியிருந்தால் என் கட்டுரைகள் பொய். ஓ, ஆமாம் என்றால் என் நாநா பொய். "அப்படிக் கேட்டா எப்படி நாநா" என்று ஏதோ உளறினேன். அவர் தலையாட்டினார், எழும்பிப் போய் ஏற்கெனவே சரியாக அடுக்கியிருந்த சாரி இறாக்கையைச் சரிபார்த்தார்.

வீட்டுக்கு வந்து பழைய பேட்டிகளை மறுபடி போட்டுக் கேட்டேன். வெட்கம் என்று சொன்ன அதே அம்மா, அடுத்த மூச்சிலேயே, அந்தச் சாரி மாதிரி தனக்கு அதற்குப் பிறகு ஒன்று வாய்க்கவில்லை என்கிறார். இன்னொருவர் வெட்கத்துக்காக எடுத்தேன் என்று சிரித்துவிட்டு, அடுத்த கல்யாணத்துக்கும் நாநாவிடமே ஆள் அனுப்பியிருக்கிறார். வெட்கப்பட்ட இடத்துக்கு யாராவது வலியப் போவார்களா? போகிறார்களே. இரண்டு பேச்சும் அப்போதும் அதற்குள்தான் இருந்தன. எனக்கு ஒன்றுதான் கேட்டிருக்கிறது. எது சரி என்று இப்போதும் கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது. வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது வேறு பாடத்தை எடுத்தேன்.

இப்படி இருக்கும்போது என் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. கூறைச் சாரி மாப்பிள்ளை வீட்டாருடைய பொறுப்பு. மருதோன்றி நாளுக்கு உடுத்துவது எங்கள் பொறுப்பு. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை உதித்தது, புத்திசாலித்தனம் என்று நினைத்த யோசனை. நாநாவிடம் பார்சல் கேட்பேன். எடுத்து, பார்த்து, எல்லாவற்றையும் அப்படியே திருப்பிக் கொடுப்பேன், ஒன்றுகூட எடுக்காமல். பார்சல் வந்தால் வெட்கத்தில் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை, ஆட்கள் விருப்பம் போலத் திருப்பியும் தரலாம் என்று நாநா தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவருக்கு நெஞ்சிலே அடைத்திருப்பது இறங்கிவிடும், பார்சல் மறுபடி தொடங்கும். என் கட்டுரை போனால் போகட்டும்.

கடைக்கே வாங்களேன் என்றார் நாநா. மகளுக்கு வேலையிடத்தில் லீவு இல்லை என்றேன். மதினியும் ஒத்து ஊதினார். கடைசியில் அரை மனதோடு கட்டி, கண்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். பழைய பெட்சீற்றின் நாலு மூலையும் வாப்பா கட்டுகிற மாதிரியே கட்டியிருந்தது.

மகள் முடிச்சை அவிழ்த்துக் கட்டிலில் பரப்பினாள். இலைப்பச்சையில் மங்கிய பொன் கரை போட்ட ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் மற்றவை அவள் கண்ணில் படவே இல்லை. சுற்றினாள், கண்ணாடி முன் நின்றாள், மடித்து வைத்தாள், திரும்பவும் எடுத்துச் சுற்றினாள். அவள் கன்னமே வேறு நிறமாகிவிட்டது. மாஷா அல்லாஹ் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

"ஒங்கட லெக்சர் பிழையெண்டு மாமாக்குக் காட்ட எனக்குச் சாரி இல்லயா? நல்லா ஈக்குதே உம்மா, ஒங்கட நியாயம்."

நான் வேறொன்று வாங்கித் தருகிறேன், இதைவிட நல்லதாக, கொழும்பில் என்றேன். அவள் சாரியை நீவி நீவி மடித்தாள். அந்த மடிப்பைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பார்சலைக் கட்டினேன்.

திருப்பிக் கொண்டுபோனது நானே. பஸ்ஸில் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு போனேன். சொந்த நாநா கடை, நானே தீட்டிய திட்டம், இருந்தும் கம்பளையில் இறங்கியதும் கால் கடைப் பக்கம் திரும்பவில்லை. பார்சலைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவால் சுற்றி, ஒரு பேக்கரிக்குள் நுழைந்து மதினிக்குப் பிடிக்கும் என்று மஸ்கெட் இனிப்பு ஒரு பெட்டி வாங்கினேன். பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. வெறும் கையோடு போக வெட்கம். என் கட்டுரை முழுவதும் என் கையில் ஷொப்பிங் பேக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நாநா முதலில் மஸ்கெட் பெட்டியைத்தான் பார்த்தார். இது எதற்கு என்றார். சும்மா மதினிக்கு என்றேன். ம் என்றார். பார்சலைக் கவுண்டரில் வைத்து, ஒன்றும் எடுக்கவில்லை நாநா, பிள்ளைக்கு ஒன்றும் சரிவரவில்லை என்று, ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். அவர் முகம் மலரும் என்று காத்திருந்தேன். மலரவில்லை. முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து உதறி மறுபடி மடித்தார். பச்சைச் சாரி வந்ததும் கை நின்றது. கரையை விரலால் தடவினார்.

"இது அவக்குப் புடிச்சீக்குது," என்றார்.

இல்லையே என்றேன். அவர் சிரித்தார். பல தரம் உடுத்திப் பார்த்திருக்கிறாள், கடை மடிப்பு இல்லை இது, ஆசையோடு மடித்த மடிப்பு என்றார். எல்லா வீட்டிலிருந்தும் இப்படித்தான் வரும், எது பிடித்தது, எதை விட மனமில்லாமல் விட்டார்கள் என்று திரும்பி வருகிற சாரியைப் பார்த்தால் தெரியும் என்றார். எனக்குள்ளே இருந்த பேராசிரியை உடனே எழும்பிவிட்டாள், என்ன செய்ய. தெரிந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சில வேளை விலையைக் குறைத்து அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்புவாராம், சில வேளை பேசாமல் இறாக்கையில் வைத்துவிடுவாராம். யாருக்குக் குறைப்பீர்கள், யாருக்குப் பேசாமல் இருப்பீர்கள் என்றேன்.

இத்தனை நாளும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"தெரியா," என்றார். "யாவாரத்துக்கும் செஞ்சீக்குறேன். பாவம் பாத்தும் செஞ்சீக்குறேன். எது எப்ப எண்டு எனக்கே தெரியா."

பிறகு பச்சைச் சாரியை என் பக்கம் தள்ளினார்.

"நீ என்னத்துக்கு இதத் திருப்பிக் கொண்டுவந்த?"

பொய் சொல்ல முடியவில்லை. நீங்கள் மறுபடி பார்சல் கொடுக்க வேண்டும் என்றுதான், நாங்கள் திருப்பித் தந்ததைப் பார்த்து உங்கள் மனம் ஆறும் என்றுதான் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா, சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அப்ப நீ ஏண்ட மனசத் திருப்ப, புடிச்ச சாரியப் புடிக்கல்ல எண்டு சொன்ன. என்னய ஏமாத்தினியா? ஓவா, இல்லயா?"

நான் வாயைத் திறந்தேன். அன்றைக்குப் போலவே, "அப்படிக் கேட்டா எப்படி நாநா" என்றுதான் வந்தது. நாநாவின் கண் கலங்கியிருந்தது, ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பச்சைச் சாரியைத் தனியாகப் பெட்சீற்றில் வைத்து, நாலு மூலையையும் கூட்டிக் கட்டி, என் கையில் தந்தார்.

"காட்டிட்டு வா. புடிக்காட்டித் திருப்பி அனுப்பு."

அந்தச் சாரியில்தான் மகளுக்கு மருதோன்றி போட்டோம். வந்தவர்கள் எல்லாரும் எங்கே எடுத்தது என்று கேட்டார்கள், மாமா கடையில் என்று அவள் ஒவ்வொருவருக்கும் சொன்னாள். நாநா இப்போது பார்சல் கொடுக்கிறாராம், முன்பு போல எல்லாருக்கும் இல்லை, கொடுக்கிற நேரம் கொஞ்சம் தயங்குகிறாராம் என்று மதினி சொல்கிறார். பெட்சீற் இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது. ஓவா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சாரியை மட்டும் நாங்கள் திருப்பி அனுப்பவில்லை.